றொய்சன் கோச்சியில் வேலை செய்யவில்லை, அக்கா

ரூஜ், ரொறன்ரோ
மார்ச், ஞாயிறு பின்னேரம்

மன்னாரில் இருக்கும் என் அன்பான வேரோனிக்கா அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தங்கச்சி கிளடிஸ் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் பிரஷரும் மாதாவின் தயவில் இறங்கியிருக்கும் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே எங்களுக்கும் ஏறவேண்டியதெல்லாம் ஏறி, போன கிழமைதான் இறங்கியது. இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் இடையில் இடையில் கேள்வி கேட்டு என்னைக் குழப்பிவிடுவீர்கள். கடிதமென்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் வாய் திறக்க முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். என்ர மகன் றொய்சன் கோச்சியில் வேலை செய்யவில்லை. "அவன் கோச்" என்று நான் சொன்னதை அத்தான் கோச்சி என்று விளங்கிக்கொண்டு, மருமகன் கனடாவில் ரயில் ஓட்டுகிறான் என்று கோயிலடி முழுக்கச் சொல்லிவிட்டார். போன மாதமும் "பெடியன் இப்ப எந்தப் பாதையிலை ஓடுறான்?" என்று கேட்டார். அக்கா, அவன் ஓடுவதேயில்லை. ஓரத்தில் நின்று மற்றவர்களை ஓடு ஓடு என்று கத்துகிறவன். கூடைப்பந்து பழக்குகிறவனை இங்கே கோச் என்பார்கள். அதுவும் பெரிய பல்கலைக்கழகத்தில் இல்லை. ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு சின்னக் கல்லூரி. நம்மூரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம், இங்கே அப்படியில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இரண்டு வருசம் படித்துவிட்டு வேலைக்கோ பெரிய இடத்துக்கோ போகிற இடம்.

இந்த விளையாட்டு இவனுக்குள் எப்படிப் புகுந்தது என்று கேட்பீர்கள். நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் மாடிவீட்டில் இருந்த காலத்தில் கீழே ஒரு கூடை கட்டியிருந்தது. சாப்பிட வா என்று நான் பல்கனியிலிருந்து கத்தக் கத்த இவன் பந்தை எறிந்துகொண்டே இருப்பான். எறிந்தால் உயரமாக வளரலாம் என்று யாரோ சொன்னார்களாம். எவ்வளவோ எறிந்தும் தகப்பனை விட ஒரு விரற்கடை கூட வளரவில்லை. பிறகு அந்த ரெக்ஸ்டேல் கல்லூரியிலேயே கணக்கியல் படிக்க விட்டோம். பாதியில் வந்து, "அம்மா, ஐ கான்ற் டூ திஸ்" என்றான், தன்னால் முடியாதாம். அதே கல்லூரியின் கூடைப்பந்து ரீமுக்குத் தண்ணிப் போத்தல் தூக்கினான், பிறகு உதவிக் கோச், பிறகு கோச். பெயர்தான் கோச், செய்வது எல்லா வேலையும். வான் ஓட்டுவதும் அவன், ஜேர்சி தோய்ப்பதும் அவன், ஆருக்காவது வாடகை வீடு கிடைக்காவிட்டால் வீட்டுக்காரனிடம் போய் நிற்பதும் அவன். ஒருமுறை பனிக்காலத்தில் கல்லூரியின் உலர்த்தும் மெஷின் பழுதாகி, ரீமின் ஜேர்சி முழுக்க எங்கள் பேஸ்மென்றில் கொடி கட்டித் தொங்கியது. உறவுக்கார ஆக்கள் வந்து பார்த்துவிட்டு, வீட்டில் எத்தனை பேரை வாடகைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று என்னிடம் இரகசியமாக விசாரித்தார்கள்.

பெடியங்கள் சாப்பிடவும் வருவார்கள். எல்லாம் பனைமர உயரம். டெவோன் என்று ஒருவன், அந்த ரீமில் பந்தை ஒழுங்காகக் கூடையில் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வரும்போதெல்லாம் எங்கள் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு, கதவிடம் "சொறி" என்று மன்னிப்புக் கேட்பான். என்ர இடியப்பத்தைத் தக்காளி சோஸ் ஊற்றித் தின்பான். அதையும் நான் பொறுத்தேன்.

இப்படி இருக்கையில் டிசம்பரில் நத்தாரோடு கல்லூரியின் அத்லற்றிக்ஸ் டிரெக்டர், அதாவது அங்கே விளையாட்டுப் பகுதி முழுவதுக்கும் பொறுப்பாக இருந்த மனிசன், வேலையை விட்டுப் போனார். அவருடைய கதிரைக்கு ஆள் போடாமல், விளையாட்டுப் பகுதியையே மூடினால் என்ன என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. ரீம் தோற்றுக்கொண்டேயிருக்கிறது, பார்க்க ஆட்கள் வருவதில்லை, பெடியங்கள் படிக்கிறதுமில்லை என்று குற்றச்சாட்டு. மெலிசா என்றொரு பெரிய அதிகாரி, சீசனின் கடைசி மட்சைத் தானே வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டா. அக்கா, இந்த வேலையை விட்டுவிட்டு ஒரு வங்கியில் போய் இருடா என்று எத்தனை வருசமாக நான் அவனோடு சண்டை பிடித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வேலை உண்மையாகவே போகப்போகிறது என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தாறு வயதில், விசில் ஊதுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத பிள்ளையை ஆர் வேலைக்கு எடுப்பார்கள்?

அந்த மட்ச் நாளன்று நானும் இவரும் ரூஜிலிருந்து ரெக்ஸ்டேலுக்கு, நகரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, பனிக்குள் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். மெலிசா முன்வரிசையில் கோட்டும் கழற்றாமல் இருந்தா. மட்ச் தொடங்கிவிட்டது. எங்கள் பெடியங்கள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எழும்புகிறார்கள், பந்து மட்டும் கூடைக்குள் போகவில்லை. டெவோன் எங்கே என்று பார்க்கிறேன், அவன் ஜேர்சி போட்டபடி ஓரத்தில் போட்டிருந்த வாங்கில் குந்தியிருந்து, மடியில் கல்குலேற்றரை வைத்துக் கணக்குச் செய்துகொண்டிருக்கிறான்! இவர் "இரும், இரும்" என்று சீலைத் தலைப்பைப் பிடித்து இழுக்க இழுக்க நான் படியிறங்கிப் போய்விட்டேன்.

"டேய் றொய்சன், உனக்கென்ன விசரே? உவனை இறக்கடா!"

"அம்மா, போய் இருங்கோ. ப்ளீஸ்."

"ஏன் உவன் அங்கை இருந்து எழுதிக்கொண்டிருக்கிறான்?"

"புள்ளியியல் சோதனைக்குப் போகேல்லை. அதை முடிச்சாத்தான் விளையாடலாம். அதுதான் என்ர றூல். எல்லாருக்கும் ஒரே றூல்."

"இண்டைக்கு மட்டும் அந்த றூலை எடுத்து ஒரு பக்கத்திலை வையன், ராசா!"

அப்போது நடுவர் விசில் அடித்தார். ஆருக்கு என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குத்தான்! ஆடுகளக் கோட்டுக்குள் கால் வைத்துவிட்டேனாம். இன்னொரு முறை வந்தால் எதிர் ரீமுக்கு ஒரு இலவச எறி கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். மன்னாரில் பிறந்து இவ்வளவு தூரம் வந்து, ஒரு வெள்ளைக்காரனிடம் விசில் வாங்கினது எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான்.

அந்தச் சோதனையைத் திருத்துகிற ஆசிரியையையும் றொய்சனே கூப்பிட்டு மேல்வரிசையில் இருத்தியிருந்தான். நிரோஷினி, எங்கட தமிழ்ப்பிள்ளை, புள்ளியியல் படிப்பிக்கிறவ. (கையில் கல்யாண மோதிரம் இருக்கிறது, அதை நான் முதலே பார்த்துவிட்டேன்.) இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் டெவோன் தாளைத் தூக்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகப் பாய்ந்து வந்தான். நிரோஷினி தாளை மடியில் வைத்துத் திருத்துகிறாள். சனம் மட்சை விட்டுவிட்டு அவளுடைய பேனையைப் பார்க்கிறது. பார்த்துக்கொண்டேயிருக்க, அவள் இல்லையென்று தலையை ஆட்டித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். நான் அவளிடம் ஓடினேன்.

"பிள்ளை, போட்டு விடம்மா!"

"அன்ரி, நாலாவது கணக்குப் பிழை."

"பிழையெண்டால் என்னம்மா, எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறான்!"

அவள் சிரித்தாளே தவிர அசையவில்லை. டெவோன் திரும்ப இறங்கிப்போய், வியர்க்க வியர்க்க அந்த நாலாவது கணக்கோடு மல்லுக்கட்டினான். ஓடாமலே வியர்த்த விளையாட்டுக்காரனை அன்றுதான் கண்டேன். திரும்ப ஏறி வந்தான். இந்தமுறை பேனை ஒரு இழுப்பு இழுத்தது. சரி! மண்டபமே கத்தியது, எதிர் ரீமின் ஆட்களும் சேர்ந்து கத்தினார்கள். அவன் இறங்கி விளையாடின விளையாட்டை எனக்கு எழுதத் தெரியாது. ஒருநாளும் வாய் திறக்காத இவர் கதிரையில் ஏறி நின்று, விளங்காத பாஷையில் ஏதோ கத்தினார். பதினெட்டுப் புள்ளி பின்னுக்கு நின்ற ரீம் ஒரு புள்ளிக்குக் கிட்ட வந்துவிட்டது. டெவோனின் கடைசி எறி. பந்து வளையத்தில் நின்று யோசித்தது. யோசித்துவிட்டு வெளியே விழுந்தது.

தோல்வி, அக்கா. ஒரே ஒரு புள்ளியால். டெவோன் நிலத்தில் இருந்து அழுதான். றொய்சன் போய் அவனுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தான். தோளில் கையைப் போட்டான். மெலிசா கைப்பையைத் தூக்கிக்கொண்டு நேரே அவர்களிடம் வந்தா. நானும் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன்.

"இந்தப் பையன் ஏன் முதலே விளையாடவில்லை?" என்று கேட்டா. றொய்சன் எழும்பி நின்று காரணத்தைச் சொன்னான். "இன்றைக்கு நான் எதற்காக வந்தேன் என்று உனக்குத் தெரியும்தானே?" என்றா. "தெரியும்" என்றான். அவ்வளவுதான். மெலிசா முடிவைச் சொல்லாமலே போய்விட்டா.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். இவர் தன்னுடைய பழைய தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை இருக்கிறதா என்று இரகசியமாக விசாரித்தார். நான் றொய்சனுக்குப் பிடித்த கணவாய்க் கறியாகவே சமைத்துத் தள்ளினேன். போன புதன்கிழமை பின்னேரம் அவனுடைய கார் வாசலில் வந்து நின்றது. ஆள் இறங்கவில்லை. நேரம் போகிறது, யன்னலால் பார்க்கிறேன், ஸ்ரியறிங்கில் தலையை வைத்தபடி இருக்கிறான். வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடிப்போய்க் கண்ணாடியில் தட்டினேன்.

"என்ன ராசா, வேலை போயிட்டுதே?"

"இல்லை அம்மா. மூடேல்லையாம். என்னை டிரெக்டராப் போட்டிட்டினம்."

"எதுக்கு டிரெக்டர்?"

"எல்லாத்துக்கும். ஃபுல் டிப்பார்ட்மென்ற். தோத்தாலும் பரவாயில்லை எண்டு படிப்பைப் பாத்த கோச்சை மெலிசா இப்பதான் கண்டவவாம்."

அக்கா, தோற்பதற்கு இங்கே பதவி உயர்வு கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எப்போதோ போய்க் கேட்டிருப்பேன், என்ர பிள்ளை அவ்வளவு தோற்றிருக்கிறான். நான் காருக்குள் ஏறி அவனுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு பாட்டம் அழுதேன். அவனும் அழுதான், பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். "அப்பாவுக்கு நீங்களே சொல்லுங்கோ" என்றான். சொன்னேன். இவர் "ம்" என்றார். பிறகு பனி வாரும் சவலை எடுத்துக்கொண்டு போய் எங்கள் வாசல் பனியை அள்ளினார், பக்கத்து வீட்டு வாசலையும் அள்ளினார், அதற்கும் அடுத்த வீட்டை அள்ளத் தொடங்க, அந்த வீட்டுச் சீனத்து மனிசி வெளியே வந்து உங்களுக்குச் சுகமில்லையா என்று கேட்டா.

ஆகவே இனிக் கவலையில்லை. ஒரு அறை, ஒரு மேசை, கதவில் பெயர், பல்லுக்கும் கண்ணுக்கும் இன்சூரன்ஸ். விசில் இல்லை, வான் இல்லை, மற்றவர்களின் ஜேர்சி தோய்க்கிற வேலையும் இல்லை. நாளைக்குப் புது வேலையில் முதல்நாள், கழுத்தில் ரை கட்டிக்கொண்டு போகப்போகிறான். பந்துக்கு இனி அவனைத் தெரியாது. அத்தானுக்கு விளங்கும்படி சொல்லிவிடுங்கள். நல்ல இடத்தில் பெண் இருந்தாலும் பாருங்கள். மாப்பிள்ளை பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று துணிந்து சொல்லலாம்.

அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். மாதா உங்கள் எல்லோருக்கும் நல்ல சுகத்தையும், எனக்கு ராத்திரி நித்திரையையும் தரட்டும்.

உங்கள் தங்கச்சி,
கிளடிஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னம் திங்கட்கிழமை வந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டானோ என்று கேட்க ஒஃபீசுக்குப் போன் எடுத்தேன். டிரெக்டர் ஜிம்மில் நிற்கிறார் என்று ஒரு பிள்ளை சொன்னாள். பின்னணியில் விசில் கேட்டது. ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால், புதுக் கோச் ஒருவரைப் போட வேண்டியது டிரெக்டருடைய முதல் வேலையாம், போட்டாச்சாம்.

"ஆரைப் போட்டனி?"

"என்னைத்தான்."

"ஆர் உன்னை இன்ரர்வியூ செய்தது?"

"நான்தான் அம்மா. வெரி ரஃப் இன்ரர்வியூ."

இரண்டு வேலை, ஒரு சம்பளம். பொம்பிளைப் பிள்ளைகளின் ரீமுக்கும் ஆள் கிடைக்கும்வரை தானே பார்ப்பானாம். ஐந்து மணி என்று நான் எழுதினதைத் தயவுசெய்து ஒருவருக்கும் சொல்லவேண்டாம். ஏசத்தான் வாயைத் திறந்தேன் அக்கா, சத்தியமாக. ஆனால் அவனுடைய குரல் அவ்வளவு சந்தோசமாக இருந்தது. "முதல் மட்ச் எப்ப?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.