மூன்று ஊரில் ஒரு பூஞ்சை

எவால்டோ கண்ணாடித் தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான். ஒன்றும் முளைக்கவில்லை.

"தூங்குதா, செத்துப்போச்சா?"

"அதையே கேட்டுப் பாரு," என்றாள் பக்கத்து மேசை க்ளெயோனிசி.

பிரேசிலின் ரெசிஃபே பூஞ்சைக் காப்பகத்தில் பூஞ்சைகள் கண்ணாடிக் குழாய்க்குள், எண்ணெய்க்கடியில், காற்றுப் படாமல் வருஷக்கணக்கில் உறங்கும். இந்தப் பூஞ்சை, இயக்குநர் ஸுலெய்ட் மேடம் தன் மாணவப் பருவத்தில் ஓர் அழுகல் முந்திரிப்பழத்தில் கண்டெடுத்தது. அதற்குப் பிறகு வெளியே வேறெங்கும் யார் கண்ணிலும் படவில்லை. வெள்ளிக்கிழமை மேடத்தின் பணிநிறைவு விழா. அங்கே அது உயிரோடு வந்து நிற்காவிட்டால், எவால்டோவின் வேலை நிரந்தரமாகாது.

கதகதப்பாக இருந்தால் விழிக்குமோ என்று தட்டைச் சூட்டுப் பெட்டியில் வைத்தான். மறுநாள் வேறேதோ பச்சைப் பூசணம் குடும்பத்தோடு வந்து குடியேறியிருந்தது.

மேடம் எட்டிப் பார்த்தார். "ஏதாவது வந்துதா?"

"வந்திருக்கு மேடம்."

"அப்படியா! அப்போ டிவிக்காரங்களையும் கூப்பிட்டுடறேன்!"

எண்ணெய்தான் மூச்சை அடைக்கிறதோ? குழாயில் மிச்சமிருந்த பூஞ்சைத் துண்டைத் தொட்டியில் வைத்து வெந்நீரில் அலசினான். எண்ணெய் போயிற்று. துண்டும் போயிற்று.

"டேய், அது பூஞ்சைடா, சட்டையில்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் க்ளெயோனிசி.

ஆனாலும் வழியிருந்தது. காப்பகங்கள் சம்பந்திகள் மாதிரி. ஆபத்துக்கு உதவுமென்று ஒன்றுக்கொன்று நகல் கொடுத்து வைக்கும். இதன் நகல் இரண்டே ஊரில்: அர்ஜென்டினாவின் துக்குமான், கியூபாவின் ஹவானா. துக்குமான் காப்பகத்து லிசாந்த்ரோவுக்குப் போன் போட்டான்.

"எங்ககிட்ட பிரமாதமா இருக்குப்பா. சும்மா ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு அனுப்பேன்."

"எங்ககிட்டயும் பிரமாதம்!" லிசாந்த்ரோ செருமினான். "என்ன, ரெண்டு நாள் பொறுத்துக்கோ."

அன்று மாலை மேடம் கொய்யாச் சுருள் கேக்கோடு வந்தார். "என் செல்லம் எப்படியிருக்கு?"

"செழிச்சு நிக்குது மேடம்," என்றான் எவால்டோ, கேக்கை வாங்கிக்கொண்டே.

விழாவுக்கு முந்தின நாள். பார்சல் வந்ததா என்று அவன் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தபோது, வரவேற்பறை மரிலூசியா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"எவால்டோ, ஹவானாலேர்ந்து போன்! துக்குமான்ல யாரோ லிசாந்த்ரோவாம், முந்திரிப் பூஞ்சை கேட்டு அவங்க உயிரை வாங்கறானாம், ஹவானாவோடது போன வருஷமே செத்துப்போச்சாம். போனை வாங்கின நம்ம மேடம், 'எங்க எவால்டோகிட்ட செழிச்சு நிக்குது, ரெண்டு ஊருக்கும் இன்னைக்கே அனுப்பிடுவான்'னு சொல்லிட்டாங்க!"