எள்ளைவிடச் சிறிய மூட்டு

தெரிந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்கிற வியாதி எனக்கு உண்டு. இன்று நான் காது டாக்டர். நோயாளிகள் 'விவரமாப் பேசுறாங்க' என்று என்னை மன்னித்துவிடுகிறார்கள். என் அப்பா விஷயத்தில் அது மன்னிக்கக்கூடியதாக இல்லை.

அப்போது தஞ்சாவூரில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆட்சி மாறி, தாசில்தார் ஆபீஸ் சுவரில் படங்களும் மாறியிருந்த சமயம். எங்கள் ஊர்க் களத்தில் மட்டும் எதுவும் மாறவில்லை. மிராசுதாரின் காரியக்காரர் அறுவடைக் கூலி நெல்லை மரக்காலில் தலைதட்டி அளந்தார். "குவிச்சு அளங்கய்யா" என்று அப்பா கேட்டார். காரியக்காரர் அவருடைய இடது காதின்மேல் அறைந்தார். அன்றோடு அந்தக் காது போயிற்று. பார்த்தவர்கள் முப்பது பேர். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. எல்லோருக்கும் அடுத்த அறுவடை இருந்தது.

ஆறு மாதம் கழித்துத்தான் தாசில்தார் விசாரணை. அதற்குள் கிழிந்த செவிப்பறை ஆறிவிட்டது. அடிக்கவே இல்லை, ஆள் நடிக்கிறான் என்றது எதிர்த்தரப்பு. அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அடிச்சேன்னு அந்தாளு எல்லாரு முன்னாலயும் ஒரு தடவ சொல்லட்டும்." பெரியாஸ்பத்திரி டாக்டர் இங்கிலீஷில் எழுதிய சர்டிபிகேட்டைத் தமிழில் விளக்க, விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் மாணிக்கம் அண்ணன் என்னைக் கூட்டிப்போனார். (வேறு யாராவது கிடைத்திருக்கக் கூடாதா?)

இஸ்திரி போட்ட சேலையில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "செவிப்பறைக்கு உள்ள மூணு எலும்பு இருக்குங்க. சுத்தி, பட்டடை, அங்கவடி. பட்டடையோட நுனியில ஒரு குமிழ், அங்கவடித் தலையில ஒரு குழி. குமிழ் குழியில உக்காந்திருக்கும். எள்ளவிடச் சின்ன மூட்டு. பலமா அறைஞ்சா அது கழண்டுரும். அப்புறம் செவிப்பறை ஆறினாலும் சத்தம் உள்ள போகாது."

தாசில்தார் பேனாவைத் திறந்தார். அத்தோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மிராசுதாரின் வக்கீல் எழுந்தார். "அழகா சொன்னீங்கம்மா. அந்த மூட்டு வேற எதுனாலயாவது கழலுமா?"

எங்கள் வாய்மொழித் தேர்வில் ஒரு வழக்கம். தேர்வாளர் 'போதும்' என்று சொல்லும்வரை காரணங்களை அடுக்கிக்கொண்டே போக வேண்டும். நிறுத்தினால் பெயில்.

"கழலுங்க சார். தலைகுப்புற விழுந்தா கழலும். மாடு முட்டினா கழலும். நாள்பட்ட சீழ் மூட்டையே அரிச்சிரும். குச்சி விட்டுக் கொடஞ்சாலும் ஆகும். சிலருக்குப் பொறவியிலயே..."

மாணிக்கம் அண்ணன் இருமினார். பாராட்டு என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். யாரும் 'போதும்' என்று சொல்லவில்லை.

"அம்மா வாயாலயே வந்திருச்சு" என்று வக்கீல் உட்கார்ந்தார். 'காரணம் நிச்சயமில்லை' என்று எழுதிவிட்டு தாசில்தார் ஃபைலை மூடினார். காரியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

புகார் கொடுத்த அப்பாவை வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். என் வாய் அசைந்ததை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம், "எம்பொண்ணு நிறுத்தாம பேசுச்சுங்க. தாசில்தாரே எழுதிக்கிட்டாரு" என்றார். நான் அவருடைய வலது பக்கம் மாறி உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னதுல பொய் ஒண்ணுமில்லியே?"

"இல்லப்பா."

"அப்ப விடு" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

பிறகு அவரே அதை வீட்டு வேடிக்கையாக்கிவிட்டார். யார் வந்தாலும் சொல்லுவார்: "எங்காது போனதுக்கு அஞ்சு காரணம். அஞ்சும் எம்பொண்ணு சொன்னது. ஆறாவது காரணம் தெனம் நம்ம தெரு வழியாத்தான் சைக்கிள்ல போவுது." வீடே சிரிக்கும். என் பிள்ளைகள் இன்றும் அதே ராகத்தில் சொல்லிக் காட்டி என்னை வாருகிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

காரியக்காரர் செத்த செய்தியை அப்பாவிடம் நான்தான் சொன்னேன். "போறதுக்கு முன்னால ஏதாச்சும் சொன்னாராமா?" என்று கேட்டார்.