யூதாஸ் வேறு, யூதர் வேறு

வில்லியனூர் வட்டாரத்தில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு நியாயம் கேட்ட ஒரே மனிதர் எங்கள் 'மைக் செட்'தான். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். அம்மன் திருவிழாவோ, சாவு வீடோ, எங்கள் மாதா கோயிலில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகமோ, நெற்றியில் விபூதியோடு ஸ்பீக்கர் கட்ட அவர்தான் வருவார்.

அந்த வருடம் நாடகம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான். வேறென்ன தகுதி வேண்டும்? பழைய நாடக நோட்டைப் பார்த்து அப்படியே எழுதினேன். இயேசுவை என்ன செய்வது என்று ரோம ஆளுநர் பிலாத்து கேட்கிறான். யூதர்கள் அனைவரும், 'சிலுவையில் அறையும்' என்று கத்துகிறார்கள்.

ஒத்திகையில் அந்த வசனத்துக்கு மைக் செத்தது. அடுத்த வசனத்துக்கு உயிர் வந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், சுவிட்சின் மேல் அவருடைய கட்டைவிரல்.

"இன்னாண்ணா இது?"

"யூதர்னா யாரு, வாத்தியாரே?"

"யூதாஸோட ஆளுங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா? காட்டிக் குடுத்த யூதாஸு ஒரு ஆளு. யூதர் ஒரு ஜனம். இயேசு யூதரு, அவங்க அம்மா யூதரு. நீ யாரத் திட்டுற?"

டெஸ்டர் வைத்திருக்கும் பையிலிருந்து ஒரு புதிய ஏற்பாடு வெளியே வந்தது. பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தே நான்கு சுவிசேஷத்தையும் முடித்திருக்கிறார். நான் ஒன்றைக்கூட முடித்ததில்லை.

"ஜனம் அவரு பக்கம்பா. அதுக்குப் பயந்துதான் பெரிய குருக்களுங்க ராவுல புடிச்சாங்க. ஆணி அடிச்சது ரோம் சிப்பாயி. நாலு பேரு பண்ணதுக்கு ஒரு ஜனத்தையே எழுதுவியா?"

நாடகக் கமிட்டித் தலைவர், மைக் கட்ட வந்தவன் வேதம் சொல்வதா என்றார். வசனம் கேட்காவிட்டால் அடுத்த வருடம் பாகூர்க்காரன் மைக் செட்தான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ ஒருவன் மோட்டார் திருடியதற்கு எங்கள் தெருவையே திருட்டுத் தெரு என்று சொன்ன வாய் அது.

பெரிய வெள்ளியன்று நாடகம் தொடங்கும் முன், 'தலைமைக் குருக்களும் அவர்கள் தூண்டிவிட்ட ஆட்களும்' என்று மாற்றிக் கொடுத்தேன். மைக் செட் சவுண்டை முழுசாகத் திருப்பினார். ஏம்பலம் வரை கேட்டிருக்கும்.

அடுத்த வருடம் பாகூர் செட்தான் வந்தது. பழைய நோட்டும் திரும்பி வந்தது. எங்கள் இருவரையும் யாரும் கூப்பிடவில்லை. கூட்டத்தில், மணலில், எங்கள் மைக் செட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த வசனம் வந்தபோது அவர் கட்டைவிரல் முழங்காலை அழுத்தியது. மைக் சாகவில்லை.

நானும் என் முழங்காலை அழுத்தித்தான் பார்த்தேன்.