முடி முளைத்த நாக்கு

ஊரே அந்த மாடிப் படிக்கட்டில்தான் நின்றது. நாக்கில் முடி முளைத்த மகான் மூன்றாம் மாடியில் எழுந்தருளியிருக்கிறார் என்று செய்தி பரவியதும் கூட்டம் தாங்காமல் லிஃப்ட் நின்றுபோனது. அதையும் மகிமை என்றார்கள். காலையில் அறிவியல் பாடம் நடத்திய வாத்தியார் மாலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

மகான் என்பவர் பழைய சாமான் ஏலக்காரர். கால் உடைந்த நாற்காலியைக்கூட மூச்சு விடாமல் கூவியே விற்றவர். நாலு வருஷத்துக்கு முன் நாக்கில் புற்றுநோய் வந்தது. பாதி நாக்கை வெட்டி, முன்கைச் சதையைத் தோலோடு எடுத்து அங்கே வைத்துத் தைத்து, உயிரோடு அனுப்பினார்கள். பிழைத்தது பெரிய விஷயம்தான். பிழைத்தபின் வாழ்வது தனி உத்தியோகம். சாப்பாட்டைக் குழையப் பிசைந்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்து உள்ளே இறக்க வேண்டும். பேச்சு குழறும். கடைக்காரன் பாதியிலேயே சரி சரி என்று எதையாவது கட்டிக் கொடுத்துவிடுவான். காது நன்றாகக் கேட்கிற மனிதரிடம் எல்லாரும் கத்திப் பேசினார்கள். மனைவிக்கு மட்டும் அவர் சொல்வது முழுதாக விளங்கும், ஏனென்றால் முடிக்கும்வரை காத்திருந்தது அவள் ஒருத்திதான்.

அவள் மகளின் பிரசவத்துக்குப் போனாள். துணைக்கு அவள் தம்பி வந்து சேர்ந்தான். எந்த வேலையிலும் நிலைக்காத பேர்வழி. ஒருநாள் அத்தான் கொட்டாவி விட்டபோது நாக்கில் இரண்டு முடியைப் பார்த்தான். அன்றோடு அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவர் பேசுவது தேவபாஷை, தனக்கு மட்டுமே விளங்கும் என்று பக்கத்து வீட்டில் அவிழ்த்துவிட்டான். மறுநாள் வாசலில் டோக்கன்.

உள்ளதைச் சொன்னால், ஏலக்காரருக்கு முதல் நாள் பிடித்துத்தான் இருந்தது. எத்தனை நாளுக்குப் பிறகு எதிரே ஆட்கள் உட்கார்ந்து அவர் வாயையே பார்க்கிறார்கள். இரண்டாம் வாரம் தைத்த இடத்தின் ஓரத்தில் புண் வந்தது. முன்பும் இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வாயில் புண் வந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று எதிரே இருந்த அம்மாளிடம் சொன்னார்.

"உங்க பையனுக்கு வேலை உறுதியாம்" என்றான் மைத்துனன்.

இன்னும் உரக்கச் சொன்னார்.

"மேனேஜர் வேலையாம்."

எழுதிக் காட்டினார். மைத்துனன் அந்தத் தாளை மடித்து, பிரித்தால் பலிக்காது என்று சொல்லி விற்றான். எழுந்து வாசல்வரை நடந்தார். பக்தர்கள் அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் வைத்தார்கள். பயத்தில் அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். துடைத்த துண்டுக்குத் தனி விலை.

இந்த லட்சணத்தில்தான் மனைவி பெட்டியோடு வந்து நின்றாள். அவள் வீட்டுக்குள் போக அவளையே டோக்கன் வாங்கச் சொன்னார்கள். இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

அவர் சட்டைக் கையை மடக்கி, முன்கையில் இருந்த சதுரத் தழும்பைக் கூட்டத்துக்குக் காட்டினாள். "இந்தத் தோலை எடுத்துத்தான் நாக்குல வச்சுத் தச்சாங்க. கையில முடி முளைக்கும்ல, அங்க போயும் முளைக்குது. ஆஸ்பத்திரியில கத்திரியால வெட்டி விடுவாங்க."

"அக்கா, தெய்வக் குத்தம்" என்றான் தம்பி.

"சரிடா. நீ சுவரைப் பாத்து நில்லு."

நின்றான். மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக் கணவருக்கும் கூட்டத்துக்கும் உயர்த்திக் காட்டி, இது என்ன என்று அவரைக் கேட்டாள். ஏலக்காரர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எல்லாருக்கும் விளங்கியது.

"என்னடா சொன்னாரு?"

தம்பி கண்ணை மூடினான். "கிழக்கே இருந்து ஒரு வரன் வருதாம்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். தலையைத் திருப்பிய தம்பி துடைப்பத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சுவர் பக்கமே திரும்பிக்கொண்டான். அப்போதும் வாத்தியார் விடவில்லை. துடைப்பம் என்றால் கஷ்டத்தைக் கூட்டித் தள்ளுவது என்று உட்பொருள் இருக்கலாமே என்றார்.

"இப்ப யாரும் பேசாம அவரைக் கேளுங்க" என்றாள் மனைவி.

அறை அடங்கியது. ஏலக்காரர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். வாயில். புண்ணு. பயமா. இருக்கு. மேனேஜரின் தாயாரும் கேட்டாள், பிரிக்காத தாளைக் கையில் வைத்திருந்தவரும் கேட்டார். யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கூட்டம் மைத்துனன் பக்கம் திரும்பிப் பணத்தைக் கேட்டது. கணவனும் மனைவியும் அந்தச் சண்டைக்கு நிற்காமல் படி இறங்கினார்கள்.

உடைந்த கடைவாய்ப் பல் உரசி வந்த புண் அது. டாக்டர் பல்லை ராவி, முடியை வெட்டி, எதற்கும் ஒரு துணுக்கைச் சோதனைக்கு அனுப்பினார். கெடுதல் இல்லை என்று முடிவு வந்தபிறகு நிம்மதியாகக் கடிந்துகொண்டார்.

"இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லாம இருக்கலாமா?"

"ஊருக்கே சொன்னேன் டாக்டர்" என்றார் ஏலக்காரர். "காசு குடுத்துக் கேட்டாங்க."

டாக்டருக்கு முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது. அவருக்குத் தேவபாஷை தெரியாது. இரண்டு காதும் நடுவே கொஞ்சம் மூளையும் வைத்திருந்தார். நமக்கும் அதே சாமான்களைத்தான் தந்திருக்கிறார்களாம். எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடாது.