உம்மா எனக்குக் கொடுத்த அயர்லாந்து

தேரா, துபாய்
14-3-2006

அன்புத் தம்பி சுஐபுக்கு, லாத்தா ஹாலிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மச்சானும், எங்களைப் பார்க்க வந்திருக்கும் உம்மாவும் நலம். ஏசி மட்டும் நலமில்லை. உன் மாமியார் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இனி வருவதை உட்கார்ந்து படி.

எல்லாம் உம்மா வந்து இறங்கிய அன்றே ஆரம்பித்தது. என் மாமியாருக்கு விசிட் விசா எடுக்க உன் மச்சான் எத்தனை டைப்பிங் சென்டர் ஏறி இறங்கினார், உனக்குத் தெரியும். உம்மாவோ முக்காடும் வெற்றிலை வாயுமாக வந்து, தன் அயர்லாந்து பாஸ்போர்ட்டை நீட்டினாள். டப்பென்று முத்திரை, அவ்வளவுதான். அயர்லாந்திலிருந்து வந்து கொழும்பில் நர்சாக இருந்தவளை வாப்பா நம் ஊர் காயலுக்குக் கூட்டிவந்து நிக்காஹ் செய்ததும், இன்றைக்கும் அவள் தூத்துக்குடி போலீஸ் ஆபீசில் வெளிநாட்டுக்காரி என்று பதிந்துவிட்டு வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கி வருவதும் ஊருக்கே தெரியும். அப்படியானால் நாம் யார் என்று மட்டும் ஊரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

உன் மச்சான்தான், "சும்மா கேட்டுத்தான் பாரேன்" என்றார். அயர்லாந்துத் தூதரகம் துபாயில் இல்லை, எங்களுக்கும் சவூதியின் ரியாத்தில்தான். போன் செய்து, குடியுரிமை கிடைக்க எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று பயந்து பயந்து கேட்டேன். "தாயார் எங்கே பிறந்தவர்?" என்றாள் அந்தப் பெண். கார்க் நகரம் என்றேன். "அப்படியானால் இனி கிடைக்க என்ன இருக்கிறது? நீங்கள் பிறந்ததிலிருந்தே எங்கள் குடிமகள்தான். இன்னும் பாஸ்போர்ட் வாங்கவில்லை, அவ்வளவே."

போனை வைக்க மறந்து நின்றேன் தம்பி. இத்தனை வருடமாக உன் மச்சானின் விசாவில் ஒட்டிக்கொண்டு, அவருக்கு வேலை போனால் நானும் போகவேண்டும் என்று இருக்கிறேன். நான் கணக்குப் பரீட்சையில் தோற்றபோதும், சாளை மீன் ஆய்ந்தபோதும், அப்ரா படகில் செருப்பைத் தண்ணீரில் விட்டபோதும் ஐரிஷ்காரியாகத்தான் இருந்திருக்கிறேன்! நான் பார்த்தே இராத ஒரு மழை நாடு, என்னை ஒன்றும் கேட்காமல், தன் பிள்ளைக் கணக்கில் வைத்திருந்திருக்கிறது. அன்றைக்குச் சோறு அடிபிடித்துவிட்டது.

உம்மாவிடம் சொன்னேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவள் பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "ஊர்ல ஒவ்வொரு உம்மாவும் மவளுக்கு வீடு குடுத்து, மாப்பிள்ளைய அதுல கூட்டியாந்து வப்பா. நான் கப்பல்ல வெறுங்கையோட வந்தவ. ஒன்ன வாடவ வீட்டுல வச்சில்ல நிக்காஹ் முடிச்சேன். இப்பக் குடுத்துட்டேன்ல?" என்றாள். 'மாமியார் வீட்டுக்கு எப்பக் கப்பல்?' என்று வாப்பாவை ஊர் சிரித்ததையும், உன் மச்சானை 'வாடவ வீட்டு மாப்பிள்ளை' என்றதையும் அவள் மறக்கவே இல்லை. உன் மச்சான்தான், "அப்ப நான் அங்கதான குடியேறணும்? ஸ்வெட்டரும் சேத்துத் தருவியளா மாமி?" என்று சிரிக்க வைத்தார்.

ஒரு சிக்கல். என் பிறப்புச் சான்றிதழில் உம்மா பெயர் சித்தி மரியம், அவளுடையதில் நோரீன். இரண்டும் ஒருத்தி என்பது பள்ளிவாசல் நிக்காஹ் பதிவில்தான் இருக்கிறது. நாளைக்கே போய் இரண்டு நகல் வாங்கு. ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. ஆமாம், நீயும் அயர்லாந்துக்காரன்தான். உன் பெண்டாட்டி நஜீஹாவிடம் மெதுவாகச் சொல், பதறப்போகிறாள்.

அல்லாஹ் உங்கள் எல்லோரையும் குறைவில்லாமல் வைப்பானாக. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் லாத்தா,
ஹாலிதா

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போனேன், உம்மா முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். நகல் ஒன்று போதுமாம். "வீடு பொம்பளப் புள்ளைக்குத்தான். அவனுக்கு அவன் மாமியா வீடு ஈக்கிதுல்ல?" என்கிறாள். அந்த நாட்டுச் சட்டத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றுதான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அது அயர்லாந்துச் சட்டம். நான் காயல்காரி" என்று சொல்லிவிட்டாள்.