மூன்றாவது இடத்தில் ஒரு சைபர்

முதலில் வம்புக்கு வந்தது மாப்பிள்ளைதான். இதை மாமனாரான டோக்கன்காரர் யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. மாமனார் கையால் இரண்டாம் முறையும் பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதே மாமனாரின் பிழைப்பில் கை வைத்தார்.

பிழைப்பு இதுதான். குடிநீர் அலுவலகத்தில் வரிசை எண்ணை டோக்கனில் அச்சடித்துத் தரும் இயந்திரம் ஒன்று உண்டு. அதை ஓட்டுவது ஒரு கணினி. கணினிக்குள் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது கர்னல் என்னும் மையம். மையம் சொல்வதை இயந்திரத்துக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் சிறிய நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இயந்திரம் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடப்பட்டதால், டிரைவரைக் கட்டி மேய்ப்பது டோக்கன்காரர் தலையில் விழுந்தது. மையத்தை மாற்றும் அதிகாரம் தலைமை அலுவலகத்தில், மாப்பிள்ளை கையில். மையம் மாறினால் டிரைவர் படுத்துக்கொள்ளும். "இன்னொரு தடவை மிஷின் படுத்தா, நீங்களும் வீட்டுல போய்ப் படுத்துக்கலாம்" என்று மேலாளர் சொல்லி வைத்திருந்தார்.

அன்றைய மாற்றம் மிக எளியது. இதுவரை டிரைவரிடம் இரண்டு விவரம் கேட்ட இடத்தில் மையம் மூன்று கேட்டது.

"மூணாவது என்ன மாப்பிள்ளை?"

"சைபர் போடுங்க மாமா."

"எப்பவும் சைபர்தானா?"

"எப்பவும்."

"அப்புறம் எதுக்குக் கேக்குது?"

"பிற்காலத்துக்கு உதவும்."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மையத்துக்கு உள்ளே இருக்கிற டிரைவரையெல்லாம் நாங்களே திருத்திட்டோம். உங்களுது வெளியாள். வெளியாள்தான் எங்க பின்னாடி ஓடி வரணும். உங்க டிரைவரை ஏத்தும்போது 'மையம் தீட்டுப்பட்டது'ன்னு திரையில வரும். மனசுல வச்சுக்காதீங்க, அது ஒரு சம்பிரதாயம்."

'தப்புதான் மாமா' என்று ஒரு வார்த்தை. அதைத்தான் டோக்கன்காரர் எதிர்பார்த்தார். வரவில்லை.

சரி, வெளியாளாக இருந்தால்தானே இந்தப் பாடு என்று, தம் டிரைவரை மையத்துக்குள் சேர்த்துக்கொள்ள விண்ணப்பித்தார். நிரலில் ஒரு வரியின் கடைசியில் வெற்றிடம் இருப்பதாக விண்ணப்பம் திரும்பி வந்தது. வெற்றிடத்தை எடுத்தார். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு வந்தது. ஊரே என்று எழுதினார். 'வரிசையில் நிற்போர் பயனாளர் ஆகார். இயந்திரம் வைத்திருப்பவரே பயனாளர். ஆகவே பயனாளர் ஒருவர். ஒருவர் பொருட்டு மையத்தைச் சிரமப்படுத்துவதற்கில்லை' என்று பதில் வந்தது. கையொப்பம் மாப்பிள்ளையுடையது.

டோக்கன்காரருக்கு ஒன்று உறைத்தது. அலுவலகத்தில் மையம் மாப்பிள்ளையுடையது. வீட்டில் மையம் யாருடையது?

மறுநாளே குளியலறையில் சுடுதண்ணீர்க் குழாய் இடம் மாறியது. மாப்பிள்ளை துள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மாமா?"

"உள்ளே இருக்கிறவங்களுக்குச் சொல்லியாச்சே. உங்க மாமியாருக்குத் தெரியும், எம் பொண்ணுக்குத் தெரியும்."

அடுத்து வாசல் பூட்டு மாறியது.

"அப்பா, அவர் வெளியே நிக்கிறார்" என்றாள் மகள்.

"புதுச் சாவி எங்கே இருக்குன்னு அறிவிப்பு ஒட்டியிருக்கேனேம்மா."

"எங்கே ஒட்டியிருக்கீங்க?"

"கதவுக்கு உள்பக்கம்."

மாப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். புத்தி வருகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்து டோக்கன்காரர் மகிழ்ந்தார். வந்தது புத்தி இல்லை, திட்டம்.

'உட்பக்க அறிவிப்பு முறை' என்று அதற்குப் பெயர். இனி எந்த அலுவலகத்துக்கும் கடிதம் கிடையாது. மையத்தில் செய்த மாற்றம், மக்கள் கேட்ட அனுமதி, ஊழியருக்கான உத்தரவு, எல்லாம் அந்தந்த இடத்து வரிசை டோக்கனிலேயே அச்சாகி வரும். காகிதம் மிச்சம், கேள்வியும் மிச்சம். தலைமை அலுவலகம் எழுந்து நின்று கை தட்டியது. மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு. அந்த மகிழ்ச்சியில் மையத்தை இன்னொரு முறை மாற்றினார்கள்.

இயந்திரம் படுத்துக்கொண்டது. அதை எழுப்பும் வழி டோக்கனில் இருக்கிறது. டோக்கன் இயந்திரத்துக்குள் இருக்கிறது. மேலாளர் சொன்ன சொல் தவறாதவர்; டோக்கன்காரரை உடனே வீட்டுக்கு அனுப்பத்தான் பார்த்தார். அந்த உத்தரவும் டோக்கனில்தான் வர வேண்டும் என்பதால், அவரும் வரிசையில் வந்து நின்றார்.

வரிசை படியிறங்கித் தெருமுனை தாண்டிப் போயிற்று. எதற்கு நிற்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நடுவில் நுழையப் பார்த்த ஒருவரை மட்டும், "முறைன்னு ஒண்ணு இல்லையா?" என்று எல்லோருமாகச் சேர்ந்து விரட்டினார்கள்.

எழுப்பும் வழி தெரிய டோக்கன்காரரும் நின்றார். அவருக்குப் பின்னால், தலைமை அலுவலகத்தில் டோக்கன் இயந்திரம் இல்லாததால், பதவி உயர்வு உத்தரவை வாங்க மாப்பிள்ளை நின்றார்.

"மாமா, மூணாவது இடத்துல சைபர் போட்டுப் பாத்தீங்களா?"

"இப்ப நாலு கேக்குது."

"நாலாவது என்னவாம்?"

"நீங்கதானே மாப்பிள்ளை வச்சது?"

"நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். விவரம் டோக்கன்ல இருக்கும்."

இப்போதாவது 'தப்புதான் மாமா' என்ற அந்த வார்த்தை வரும் என்று டோக்கன்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் முன்னாடி நகருங்க மாமா."

நகர்ந்தார். அந்த வார்த்தை இன்னும் பாக்கி.