தரைத்தளத்துக்கு ஒண்ணுன்னு போடலாமா

பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் மருமகளுக்கு மாமனார் எழுதுவது. இந்தப் பக்கம் அனைவரும் நலம். அந்தப் பக்கத்து நலம் கதவு திறந்தால்தான் தெரியும்.

இல்லம்மா, ‘வேணும்னே செஞ்சீங்க’ன்னு நீ சொன்னது மட்டும் நியாயமில்லை. நான் சொல்லச் சொல்ல உன் புருஷன் உன் கம்ப்யூட்டர்லயே தட்டுறான், முடிச்சதும் உன் போனுக்கு வரும், அவனையே கேளு. ஒரே கம்ப்யூட்டருக்குள்ள நாலு மேசை மாதிரி நாலு திரை வச்சிருக்க. எந்த மேசையில இருக்கேன்னு காட்ட, மேல கடிகாரத்துக்குப் பக்கத்துல நம்பர் போடுற குட்டி புரோகிராம் ஒண்ணையும் வச்சிருக்க. ஒண்ணுல மீட்டிங், ரெண்டுல நீ வரையுற கட்டடப் படம், மூணுல வேற கம்பெனிக்கு எழுதின வேலை விண்ணப்பம், நாலு நான் சீட்டாட. எல்லாம் சரி. ஆனா முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டினவன் கண்ணு முன்னாடி தரைத்தளத்துக்கு ஒண்ணுன்னு போடலாமா? எந்த ஊர் லிஃப்ட்ல அப்படி இருக்கு? மனசு கேக்கலை. நேத்து சாயங்காலம் பூஜ்யத்துல ஆரம்பிச்சு ஒழுங்கா மாத்தி வச்சேன். சொல்ல மறந்துட்டேன், அது தப்புதான். இப்போ பத்து நிமிஷம் முன்னாடி மீட்டிங்குல மேனேஜரம்மா ‘படத்தைக் காட்டுங்க’ன்னதும் நீ உன் திரையை அவங்க எல்லாருக்கும் தெரியுற மாதிரி வச்சுட்டு, மேல ரெண்டைப் பார்த்து நிறுத்தினே, விண்ணப்பம் வந்து பல்லை இளிச்சுது. நீ எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கிட்டே. அப்போலேருந்து நானும் ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்து நடந்து செருப்பே தேஞ்சுபோச்சு. வேலை போயிடுமோன்னு நீ அழற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.

ஆனா ஒண்ணு. மூணு வருஷமா நீ வரையுற படத்துக்குக் கீழ தன் பேரைப் போட்டுக்குதே அந்த மேனேஜரம்மா, அதுக்கு முன்னாடி நீ ஏன் வெக்கப்படணும்? கோழி அடைகாக்க, கொண்டையை ஆட்டுறது சேவலா? (டேய், அப்படியே தட்டுடா. முழிக்காதே.) இனிமே உன் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன், சத்தியம். நம்பரை மட்டும் பழையபடி மாத்தச் சொல்றேன், அதுக்குத் தரைத்தளத்துக்கு, அதான் பூஜ்யத்துக்குப் போடா... யாருடா இவங்க, கட்டம் கட்டமா ஆறு மூஞ்சி? ஏண்டா எழுந்திரிக்கிறே? ஆசீர்வாதம் இன்னும் சொல்லலியே, தீர்க்காயுசா

பின்குறிப்பு: அவன் ஓடிட்டான். சத்தியம் பண்ணின கையோட நானே ஒத்தை விரலால தட்டுறேன். நீ திரையைக் காட்டுறதை நிறுத்தாமலே போயிருக்க. நாங்க தட்டினது அத்தனையும் அங்க ஆறு பேரும் படிச்சிருக்காங்க. அஞ்சு பேர் வாயைப் பொத்திக்கிட்டு இருக்காங்க. மேனேஜரம்மா மட்டும் சிரிக்கலை. ‘ஐயா, அவங்க பேரைப் போடச் சொல்லி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ன்னாங்க. ‘நீங்க கேக்குற மாதிரியா இருந்தீங்க’ன்னேன். அப்புறம், ‘இந்தப் படத்துல அவங்க பேர்தான் இருக்கும், வரச் சொல்லுங்க’ன்னு சொல்றாங்க. முகத்தைக் கழுவிக்கிட்டு சீக்கிரம் வா. இன்னும் பேசவிட்டா காரியத்தைக் கெடுத்துடுவேன்.